எந்தச் சமுதாயத்தின் கூடம்?

பாடப்புத்தகத்தில் 'சமுதாயம்' என்றால் மக்கள் எல்லாரும் சேர்ந்தது. எங்கள் பக்கத்து டீக்கடையில் 'சமுதாயம்' என்றால் சாதி. "அவரு நம்ம சமுதாயந்தான்", "எங்க சமுதாயத்துலயே பொண்ணு பாக்குறோம்", "சமுதாயப் பெரியவங்க வந்திருக்காங்க" என்றுதான் பேச்சு. சாதி என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தச் சொல் வசதியாக இருக்கிறது. சாதிச் சங்கத்துச் சுவரொட்டியிலும் அதே சொல்தான். ஆகவே அரசாங்கம் ஒரு கட்டடத்தைக் கட்டி, அதன் நெற்றியில் 'சமுதாயக் கூடம்' என்று எழுதிவைத்துவிட்டுப் போகும்போது, ஊர் அதைத் தன் வழக்கப்படி படித்துக்கொள்கிறது. எந்தச் சமுதாயம் என்ற கேள்விக்கு ஊரிடம் பதில் தயாராக இருக்கிறது.

கோயில், தேர், சுடுகாடு, டீக்கடைக் குவளை பற்றியெல்லாம் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இன்னும் எழுத வேண்டும். ஒருநாள் வாடகைக்கு விடுகிற கூடத்தைப் பற்றி எழுதியது குறைவு. அதில் என்ன பெரிய அரசியல் என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். ஒற்றை அறை வீட்டில் வாழ்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

எங்கள் காலனியில் வீடு என்பது ஒரு அறை, ஒரு திண்ணை. கல்யாணம் என்றால் தெருவில்தான். சாமியானா கட்டி, வாடகை நாற்காலி போட்டு, குழாயடிக்குப் பக்கத்தில் அடுப்பு தோண்டுவோம். ஆவணியில் நாள் குறித்துவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் தாலி கட்ட வேண்டும். பெண்ணுக்குப் புடவை மாற்ற இடம் இருக்காது. வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒதுங்குவதற்கு இருட்டும்வரை காத்திருப்பார்கள். சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து, கருமாதி எல்லாமே அப்படித்தான். ஏப்ரல் 14-உம் டிசம்பர் 6-உம் அப்படித்தான். தெருவில் மைக் கட்டிப் பேசுவது ஒரு வகை. ஒரு கூரைக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து, மைக் இல்லாமல், எதிர்க்கேள்வி கேட்டுப் பேசுவது வேறு வகை. நம்முடைய பெண்கள் வாய் திறந்து பேசியதை நான் பார்த்ததெல்லாம் இரண்டாவது வகைக் கூட்டத்தில்தான். அதற்கு நான்கு சுவரும் ஒரு கழிப்பறையும் வேண்டும்.

தனியார் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. முன்பணம் வாங்குகிற மேசையில் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்பது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் இரண்டாவது கேள்வி: "ஊருலயா, காலனியா?" அதற்குப் பிறகு தேதி இருக்காது. பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு சாதி கேட்காமல் விடுகிற மண்டபங்களும் டவுனில் உண்டு. ஆனால் அங்கே வாடகைக்கே நகையை அடகு வைக்க வேண்டும். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்குக் கட்டுப்படியாவது பொதுப்பணத்தில் கட்டிய கூடம் மட்டும்தான்.

2014-இல் என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊருக்குள் ஊராட்சியின் கூடம் ஒன்று இருக்கிறது. இருநூறு பேர் உட்காரலாம். பின்னால் சமையல் கட்டு, இரண்டு அறை, கழிப்பறை. விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த செயலர் அப்பாவைவிட இருபது வயது இளையவர். "வாப்பா, என்னா விசயம்?" என்றார். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே பேசினார். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார்.

"இத யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான் சார். எம்.ஏ. தமிழ் படிச்சிருக்கேன்."

"அதான பாத்தேன்" என்றவர், விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, "அன்னிக்கு வேற ஒருத்தங்க சொல்லி வச்சிருக்காங்களே" என்றார்.

"யாரு சார்?"

"அது தலைவருக்குத்தான் தெரியும்."

"நோட்டுல எழுதியிருப்பீங்கல்ல?"

"நோட்டு தலைவர் வூட்டுல இருக்கு. சாவியும் அங்கதான் இருக்கு." பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்ப்பா, ஒங்களுக்குத்தான் காலனியிலயே தனியா ஒண்ணு கட்டிக் குடுத்திருக்காங்களே. இங்க வந்து எதுக்கு ரோதன?"

அப்பா "சரிங்க" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு இந்தப் பதில் பழக்கம். விண்ணப்பம் எழுதியது என் பிடிவாதம். கிளம்புவதற்கு முன் விண்ணப்பத்தின் நகலை நீட்டி, பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டு ஒரு கையெழுத்துக் கேட்டேன். அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

கல்யாணம் தெருவில் நடந்தது. கல்யாணம் முடிந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் அனுப்பியிருந்த மனுவுக்குப் பதில் வந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்று விசயம் கேட்டிருந்தேன். அந்த மாதத்துக்கான கூடப் பதிவேட்டின் நகல், வாடகை ரசீதுகளின் அடிக்கட்டை நகல், வாடகையை முடிவு செய்த ஊராட்சித் தீர்மானத்தின் நகல். தங்கச்சி கல்யாணத் தேதிக்கு எதிரே பதிவேடு வெறுமையாக இருந்தது. அன்றைக்குக் கூடத்தை யாரும் எடுக்கவில்லை. அந்த மாதத்தில் மூன்று விசேஷம் நடந்ததாகப் பதிவு இருந்தது. ரசீது இருந்தது ஒன்றுக்கு மட்டும். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வாடகையே கட்டவில்லை. பணம் கட்டத் தயாராக இருந்தவர்களுக்குப் பூட்டு. பூட்டு இல்லாதவர்களுக்கு வாடகையும் இல்லை. சாதி ஊராட்சியின் கல்லாப்பெட்டியையும் சேர்த்துத்தான் தின்கிறது என்பதை அந்த இரண்டு தாள்களில் படித்தேன்.

"ஒங்களுக்குத்தான் தனியா இருக்கே" என்ற பதில் எங்கள் செயலர் கண்டுபிடித்ததல்ல. அதற்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. 1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபை ஒரு மாநாடு கூட்டியது. நீலகிரியிலிருந்து போயிருந்த அயோத்திதாசப் பண்டிதர், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடக்கூடாது என்று அங்கே எழுந்து கேட்டார். உங்களுக்கென்று தனித் தெய்வங்கள் இருக்கின்றன, இவை உங்களுடையவை அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. மகாஜனம் என்ற சொல்லுக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் அர்த்தம். அடுத்த ஆண்டு, 1893 டிசம்பரில், இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று சென்னையில் நம் மக்களின் பெருங்கூட்டம் ஒன்றை நடத்தினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்த கூட்டம் அது. நடந்த இடம் வெஸ்லியன் மிஷனின் மண்டபம். நமக்குக் கூடம் கொடுத்தது யார் என்று பார்த்துக்கொண்டே வந்தாலும் நம் அரசியல் வரலாற்றில் ஒரு பகுதியை எழுதிவிடலாம்.

அதே சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவல் நடக்கும் கட்டடம் எல்லாம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உண்டு என்று சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தில் தண்ணீர்த் துறைகளோடு தர்மசாலைகளும் இருந்தன. அந்தத் தீர்மானத்தின் பலத்தில்தான் 1927-இல் மகத் குளத்தில் இறங்கினார்கள். குளத்தை நினைவு வைத்திருக்கிறோம். தர்மசாலையை மறந்துவிட்டோம்.

அம்பேத்கர் மறக்கவில்லை. 1917-இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கி, தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டவர் அவர். 1924 மார்ச் 9-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபைக்கான கூட்டத்தைப் பம்பாய் பரேலில் இருந்த தாமோதர் மண்டபத்தில் கூட்டினார். இருபது ஆண்டு கழித்து, 1944-இல், பம்பாயில் நம் மக்களுக்குச் சொந்தமாக ஒரு சமூக மையம் வேண்டும் என்று அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தினார். தாதரில் அம்பேத்கர் பவன் வந்தது அந்த முயற்சியில்தான். அவருடைய அச்சகமும் அங்கே இருந்தது. 2016 ஜூன் 25 விடிவதற்குள் அதை இடித்துத் தள்ளினார்கள். அடுத்த மாதம் பம்பாய்த் தெருக்கள் கொள்ளாத அளவுக்கு மக்கள் திரண்டார்கள். ஒரு பழைய கட்டடத்துக்காக ஏன் அத்தனை பேர் என்று கேட்டவர்களுக்கு, கூடிப் பேச இடம் இல்லாமல் இருந்த அனுபவம் இருந்திருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசு நிதியில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொது இடங்களைச் சாதியின் பேரால் மறுக்கக்கூடாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4-ஆம் பிரிவின்படி இப்படி மறுப்பதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. பொது இடத்தில் நுழையவிடாமல் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை என்கிறது அது. 1955-ஆம் சட்டத்தில் நாம் அதிகம் பேசாத 12-ஆம் பிரிவு ஒன்று உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக அந்தச் செயல் நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது மறுத்தவர் பொறுப்பு.

இவ்வளவு இருந்தும் ஏன் பூட்டு திறப்பதில்லை? மறுத்தார்கள் என்பதையாவது நாம் காட்ட வேண்டுமே. ஊர் ஒருபோதும் "உனக்குத் தரமாட்டேன்" என்று சொல்வதில்லை. "அன்னிக்கு ஆளு இருக்கு" என்கிறது. "ரிப்பேரு நடக்குது", "கரண்டு இல்ல", "தலைவர் ஊருல இல்ல, அடுத்த வாரம் வா" என்கிறது. எல்லாம் வாய்ச்சொல். வாய்ச்சொல்லுக்கு எந்தப் பிரிவும் போட முடியாது. அதனால்தான் ஊர் எழுத்துக்குப் பயப்படுகிறது. தேதி போட்ட ஒப்புகைக் கையெழுத்தும் வெறுமையான பதிவேட்டுப் பக்கமும் கையில் வந்த பிறகும் நாங்கள் புகார் கொடுக்கவில்லை. "பொண்ண அனுப்பியாச்சு. இனிமே என்னாத்துக்கு வம்பு? நாளைக்கு நடவுக்கு யாரு வூட்டு வயலுக்குப் போவ?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை.

2017-இல் கூடம் திறந்தது. எங்கள் போராட்டத்தால் திறந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது வேறு. 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராக வந்தார். நோட்டும் சாவியும் தலைவர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்தன. எங்கள் மாமா மகன் கல்யாணத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தோம். கூடவே பழைய பதிவேட்டு நகலையும் இணைத்தோம். ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. பணம் கட்டி எண் போட்ட ரசீது வாங்கினோம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் இருக்கும்வரை பூட்டியிருந்த பொதுக்கூடம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரும் இல்லாதபோது திறந்தது. உள்ளாட்சி என்றால் உள்ளூர்ச் சாதியின் ஆட்சி என்று அம்பேத்கர் ஏன் அஞ்சினார் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கூடத்தைக் கழுவினார்கள் என்று கேள்விப்பட்டோம். நான்கைந்து மாதம் ஊர்க்காரர் யாரும் அங்கே விசேஷம் வைக்கவில்லை. அப்புறம் வைத்தார்கள். டவுன் மண்டபத்து வாடகைக்கும் ஊராட்சி வாடகைக்கும் இருந்த வித்தியாசம் அப்படி.

டவுனில் இன்னொரு பாடம். 2018 ஏப்ரலில் பொது நிதியில் நடக்கும் கூடம் ஒன்றை அம்பேத்கர் பிறந்தநாள் கருத்தரங்குக்கு எடுத்தோம். "அசைவம் கூடாது" என்றார் பொறுப்பாளர். ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்த விதிகளில் அது இல்லை. முந்தின விசேஷத்தின் ஆட்டெலும்பு சமையல் கட்டு மூலையில் கிடந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வந்து, "எலய எடுத்துப் போட்டு நீங்களே கூட்டி விட்டுட்டுப் போயிடுங்க" என்றார். துப்புரவுக் கட்டணம் என்று தனியாக வாங்கி ரசீதில் எழுதியிருந்தார்கள். "நம்ம எடத்த நாமளே கூட்டுனா என்ன குறைஞ்சா போயிடுவோம்" என்று தோழர்கள் இரண்டுபேர் துடைப்பத்தை எடுத்தார்கள். அப்போது ஒரு அக்கா எழுந்தார். ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிறவர். "வெடிகாலம் நாலு மணியிலேர்ந்து தெனமும் இதத்தான் செய்றேன். இன்னிக்கு ஒருநா சம்பளத்த வுட்டுட்டு, சேர்ல உக்காந்து பேச்சு கேக்க வந்தேன். பணந்தான் கட்டியாச்சே? வைப்பா தொடப்பத்த" என்றார். துடைப்பத்தை வைத்தார்கள். அன்றைக்கு மேடையில் நாங்கள் வாசித்த கட்டுரைகளில் இருந்ததைவிட அந்த ஒரு பேச்சில் இருந்த தெளிவு அதிகம். வாடகை கொடுப்பது கூரைக்கு மட்டுமல்ல. அந்த ஒருநாள் நாம் வேலைக்காரர் இல்லை என்பதற்கும் சேர்த்துத்தான்.

இனி நம்முடைய 'தனி'க் கூடம். 2003-இல் தாட்கோ மூலமாக எங்கள் காலனியில் கட்டினார்கள். திறந்து வைத்தவர் பெயரோடு கல் இருக்கிறது. கழிப்பறை இல்லை. மின் கட்டணம் கட்ட ஆளில்லாமல் இணைப்பைத் துண்டித்தார்கள். பிறகு நியாயவிலைக் கடையின் அரிசி மூட்டைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. இரட்டைக் குவளையைக் குற்றம் என்று சொல்கிற அரசு, தன் கையாலேயே இரட்டைக் கூடம் கட்டிக் கொடுக்கிறது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தபோது 100 வீட்டில் 40 தலித் குடும்பங்களுக்கு என்று கலந்து வைக்கத் தெரிந்த அரசுதான் இது. அதற்காகக் காலனிக் கூடம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் நனைந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. அதைப் பழுதுபார்க்க வேண்டும். ஆனால் அதைக் காட்டி ஊர்க்கூடத்தின் கதவைச் சாத்தக்கூடாது. ஊர்க்காரர் ஒருவர் காலனிக் கூடத்தை வாடகைக்குக் கேட்டு வந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. அதுவரை இரண்டுமே சாதிக் கூடங்கள்தான்.

நம் பக்கத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். 2022-இல் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுமேல் மனு கொடுத்து அரிசி மூட்டைகளை வெளியேற்றினோம். வெள்ளையடித்து மின் இணைப்பும் வாங்கினோம். முதல் மாதமே புதிரை வண்ணார் வீட்டு அம்மா ஒருவர் மகள் சடங்குக்குக் கூடம் கேட்டு வந்தார். நமக்குத் துணி வெளுத்தவர்கள், பிள்ளைப்பேற்றுத் துணியையும் சாவுத் துணியையும் சுமந்தவர்கள். நம் பெரியவர்கள் வாயிலிருந்து வந்த பதில், "அன்னிக்கு ஆளு இருக்கே." எனக்கு அந்தக் குரல் எங்கே கேட்டது என்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஆயா ஒருத்திதான் கேட்டாள்: "எவன்டா அந்த ஆளு? பேரச் சொல்லு." பெயர் இல்லை. இரவு முழுக்கச் சண்டை நடந்தது. கூடத்தை அந்த அம்மாவுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட எல்லாரும் போகவில்லை. போனவர்கள் பாதிப்பேர்.

தோழர்கள் அவரவர் ஊரில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கூடத்தை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் பதிவேட்டையும் ரசீது அடிக்கட்டையையும் தகவல் சட்டத்தில் கேளுங்கள். கிடைத்தால் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாடகை, முன்பணம், விதிகள், எந்தத் தேதி யாருக்கு என்பதெல்லாம் கூடத்தின் சுவரில் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்க வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள். சாவி யார் வீட்டிலும் தொங்கக்கூடாது, அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் காலனிக் கூடத்துக்கு இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். வருகிறவர் முதலில் தேதியை எழுதுகிறார், அப்புறம் பெயரை, அப்புறம் என்ன விசேஷம் என்பதை. சாதிக்கு அதில் கட்டம் இல்லை. நோட்டும் சாவியும் மாதத்துக்கு ஒரு வீடு என்று மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த முறையில் புதிரை வண்ணார் வீடும் இருக்க வேண்டும் என்று ஆயா சொல்லியிருக்கிறாள். அது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசப்போகிறோம்.